லிவர்பூல் மேம்பால மின்ரயில் (1893–1956): மிச்சம் இருப்பது என்ன, பெட்டிகள் எங்கே?

(இது பலர் பேசும் ஓர் உரையாடல். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

சிறுரயில்

இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுகத்தை ஒட்டி ஓடிய மேம்பால ரயிலின் ஒரு துண்டை அடிக்கு 4 மி.மீ. அளவில் (1:76) மாதிரியாகச் செய்ய உத்தேசம். ஐந்தாறு ஸ்பான் (தூணுக்குத் தூண் உள்ள பகுதி), ஒரு நிலையம், அடியில் துறைமுகச் சரக்குப் பாதை, அவ்வளவுதான். பழைய படங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் மின்தண்டவாளம் (ரயிலுக்கு மின்சாரம் தரும் தனித் தண்டவாளம்) பாதையின் நடுவில் ஓடுகிறது, சிலவற்றில் வெளிப்பக்கம். சில பெட்டிகளின் பக்கவாட்டில் குறுகலான மரப்பட்டைகள், சிலவற்றில் மழமழவென்ற தகடு. கம்பத்தில் ஒரு படத்தில் கைகாட்டி, இன்னொன்றில் விளக்கு.

எது எந்தக் காலத்தது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? நேரில் போகிறவர் பார்க்க இன்று அங்கே என்ன இருக்கிறது?

மூன்றாம் தண்டவாளம்

படங்கள் முரண்படவில்லை, வெவ்வேறு காலத்தவை. மூன்று தேதிகளை வைத்தே பெரும்பாலான படங்களைப் பிரித்துவிடலாம்.

முதல் தேதி 1905. பாதை திறந்தது 1893 பிப்ரவரி 4. அப்போது மின்தண்டவாளம் இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் இருந்தது, சுமார் 500 வோல்ட் நேர்மின்சாரம். வடகோடியில் லங்காஷயர்–யார்க்ஷயர் ரயில்வேயோடு இணைப்பு ஏற்பட்டபோது, அவர்களுடைய முறைக்கு ஒத்துப்போக அதை வெளிப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆகவே மின்தண்டவாளம் நடுவில் தெரிந்தால் அந்தப் படம் 1905-க்கு முந்தையது.

இரண்டாவது 1921. அந்த ஆண்டுதான் கைகாட்டிகளை எடுத்துவிட்டு வண்ண விளக்கு சிக்னல்கள் வைத்தார்கள்.

மூன்றாவது இரண்டாம் உலகப் போரின் முடிவு. அதன்பிறகு சில ரயில்களை மட்டும் மேலுடம்பு மாற்றி நவீனமாக்கினார்கள். உங்கள் படங்களில் தெரியும் தகடு போர்த்திய பெட்டிகள் அவைதான். மரப்பட்டைப் பெட்டிகளும் கடைசி நாள் வரை ஓடின. அதனால் மரப்பெட்டியை மட்டும் பார்த்து ஆண்டு சொல்ல முடியாது, தகட்டுப் பெட்டி இருந்தால் சொல்லலாம்.

நிலையத்தின் பெயர் தெரிந்தால் இன்னும் எளிது. தென்கோடி நிலையமான டிங்கிள் 1896 டிசம்பரில் திறந்தது. கிளாட்ஸ்டன் டாக் (டாக் என்றால் கப்பல்துறை) நிலையம் 1930-ல் வந்தது. பிரின்ஸஸ் டாக் 1941 குண்டுவீச்சுக்குப் பிறகு திறக்கவே இல்லை.

கர்டர்

மாதிரி செய்கிறவர்கள் முதலில் கட்டமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ரயில் எப்படி வாழ்ந்தது, எதனால் செத்தது என்ற இரண்டுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

பொறியாளர்கள் சர் டக்ளஸ் ஃபாக்ஸும் ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட்டும். லண்டனில் சுரங்கத் துளைக் கவசத்தால் பேர் வாங்கிய அதே கிரேட்ஹெட். வரிசையாக இரும்புத் தூண்கள், அவற்றின் மேல் தேனிரும்பு கர்டர்கள் (பாரம் தாங்கும் நீள உத்தரங்கள்), பெரும்பாலும் 50 அடிக்கு ஒரு ஸ்பான். சாலையிலிருந்து 16 அடி உயரம். மொத்தம் 567 ஸ்பான். உங்கள் அளவில் ஒரு ஸ்பான் 200 மி.மீ., அதாவது ஐந்து ஸ்பானுக்கு சரியாக ஒரு மீட்டர். கீழ்வெளி 64 மி.மீ.

தூண்களையும் கர்டரையும் எல்லோரும் கவனமாகச் செய்துவிடுகிறார்கள். தவறு நடப்பது தளத்தில். நியூயார்க் உயர்பாதையில் கர்டரின் மேல் குறுக்குக் கட்டைகளை அடுக்கி, இடையில் வானம் தெரியும்படி விட்டிருப்பார்கள். லிவர்பூலில் அப்படி இல்லை. இங்கே தளம் முழுக்க மூடியது. அடியில் வண்டிகளும் ஆட்களும் சரக்கு ரயிலும் போவதால் ஒரு சொட்டும் விழக்கூடாது என்று ஹாப்சன் வகை வளைதகடுகளை வரிசையாகப் பதித்து, ஓரங்களை ரிவெட் அடித்து இணைத்தார்கள். கீழேயிருந்து பார்த்தால் குறுக்கே சின்னச்சின்ன வளைவுகள் வரிசையாகத் தெரியும். துறைமுகத் தொழிலாளர்கள் மழையில் இதற்கு அடியிலேயே நடந்து போனதால்தான் இதைத் தங்கள் குடை என்று அழைத்தார்கள். எனவே மாதிரியில் கட்டை இடைவெளி வழியாக வெளிச்சம் கீழே விழுந்தால் அது லிவர்பூல் அல்ல.

அந்த மூடிய தளமே கடைசியில் எமனானது. வளைவும் வளைவும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் விழும். ரிவெட் வரிசையும் அதே இடம். மேலே நீர்த்தடுப்பு விட்டுப்போனால் தண்ணீர் அங்கே தேங்கும், இரு தகடுகளின் இடுக்கில் இறங்கும். துரு அசல் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், தகடுகளைப் பிளந்துகொண்டு ரிவெட் தலையைத் தெறிக்கவிடும். கீழிருந்து இன்னொரு தாக்குதல்: துறைமுகப் பாதையின் நீராவி எஞ்சின்கள் அடியிலேயே நின்று புகைவிடும். நிலக்கரிப் புகையின் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். மெர்ஸி ஆற்றின் உப்புக்காற்று வேறு. மேலும் கீழும் ஒரே தகட்டை அரித்தால் எவ்வளவு காலம் தாங்கும்?

1955-ல் ஆய்வு செய்தவர்கள் தளத்தைப் புதுப்பிக்க சுமார் 20 லட்சம் பவுண்ட் ஆகும் என்றார்கள். 1948-ல் பிரிட்டிஷ் ரயில்வே நாட்டுடைமை ஆனபோது இந்தக் கம்பெனியை அதில் சேர்க்கவில்லை. சொந்தக் காசில் இந்தத் தொகையைப் புரட்ட வழியில்லை. 1956 டிசம்பர் 30 மாலையோடு மூடினார்கள்.

ஓம் விதி

கர்டர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டாமா? நேர்மின்சார ரயில் என்றால் கசிவு மின்னோட்டத்தால் வரும் அரிப்பும் உண்டு. ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு முழுக்க இரும்பிலிருந்து மண்ணுக்கு இறங்கினால் சுமார் 9 கிலோ இரும்பு கரைந்துபோகும். 63 ஆண்டு ஓடிய பாதை. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கர்டர்

கணக்கு சரி. அது எங்கே நடக்கும் என்று பாருங்கள். மின்பகுப்பு அரிப்பு, மின்னோட்டம் உலோகத்தை விட்டு ஈரமண்ணில் இறங்கும் இடத்தில்தான் வரும். மேம்பாலத்தில் அந்த இடம் தூணின் அடிப்பாகமும், பக்கத்தில் புதைந்திருக்கும் தண்ணீர்க் குழாய்களும். உயரத்தில் காற்றில் நிற்கும் தளத்தகட்டிலிருந்து மின்னோட்டம் இறங்குவதற்கு இடமே கிடையாது. 1955-ல் பணம் கேட்டது தளம், தூண் அல்ல. கசிவு மின்னோட்டம் மற்ற இடங்களில் பெரிய வியாதிதான், இந்த நோயாளி செத்தது அதனால் அல்ல.

மாதிரிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. துருக்கறையைத் தூண் முழுக்க ஒரே சீராகப் பூசாதீர்கள். தளத்தின் அடிப்பக்கம், வளைவுகள் சேரும் கோடுகள், ரிவெட் வரிசையிலிருந்து கர்டர் மேல் வழியும் கோடு, இங்கே மட்டும். சரக்குப் பாதைக்கு நேர் மேலே கரி படிந்த கருப்பு.

மோட்டார்மேன்

பெட்டிகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

மூலப் பெட்டிகள் பர்மிங்ஹாமின் பிரவுன் மார்ஷல்ஸ் கம்பெனி கட்டியவை. 45 அடி நீளம், 8 அடி 6 அங்குல அகலம், மர உடம்பு. உங்கள் அளவில் 180 மி.மீ. நீளம், 34 மி.மீ. அகலம். முதலில் இரண்டு பெட்டி ரயில், இரண்டிலும் மோட்டார், இரு முனையிலும் ஓட்டுநர் அறை. பிறகு நடுவில் ஒரு டிரெய்லரை (மோட்டார் இல்லாத பெட்டி) சேர்த்து மூன்று பெட்டி ஆக்கினார்கள்.

இதை உலகின் முதல் மின்சாரப் பலபெட்டி அலகுகளில் ஒன்று என்பார்கள். உண்மைதான், ஆனால் இன்றைய அர்த்தத்தில் அல்ல. இப்போதைய மின்ரயிலில் ஓட்டுநரின் கைப்பிடி வழியாகப் போவது சிறிய கட்டுப்பாட்டு மின்னோட்டம் மட்டும். மோட்டாருக்குப் போகும் பெரிய மின்னோட்டத்தை ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனித் தொடர்பிகள் (தானாக இயங்கும் பெரிய சுவிட்சுகள்) திறந்து மூடும். அமெரிக்காவில் ஸ்பிராக் 1897-ல் கொண்டுவந்த முறை அது. லிவர்பூல் அதற்கு நான்கு ஆண்டு முந்தியது. இங்கே ஓட்டுநர் அறையில் இருந்த கண்ட்ரோலர் இரண்டு பெட்டி மோட்டார்களின் முழு மின்னோட்டத்தையும் நேரடியாகக் கையாண்டது. மோட்டார் ஒவ்வொன்றும் 60 குதிரைத்திறன், சுமார் 45 கிலோவாட். 500 வோல்ட்டில் ஒன்றுக்கு 90 ஆம்பியர் வீதம் பார்த்தால் இரண்டுக்கும் சேர்ந்து 180, கிளம்பும்போது இன்னும் அதிகம். அவ்வளவும் ஓட்டுநரின் முழங்கைக்குப் பக்கத்தில், மர அறைக்குள். பெட்டிக்குப் பெட்டி கனமான மின்கம்பி வேறு போகும்.

இந்த அமைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பது 1901 டிசம்பர் 23-ல் டிங்கிளில் தெரிந்தது. சுரங்கத்துக்குள் நிலையத்தை நெருங்கும்போது ஒரு மோட்டார் பழுதாகி ரயில் நின்றது. மறுபடி மறுபடி மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பழுதான இடத்தில் மின்பொறி விடாமல் எரிந்து மரத்தில் பிடித்தது. சுரங்கக் காற்று தீயை நிலையத்துக்குள் தள்ளியது. ஆறு பேர் இறந்தார்கள். நிலையம் ஓராண்டுக்கும் மேல் மூடிக் கிடந்தது. பழுதான சுற்றுக்குத் திரும்பவும் மின்சாரம் கொடுக்காதே என்ற விதியைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஃபியூஸ் ஒருமுறை போனால் காரணம் கண்டுபிடிக்காமல் இரண்டாவது முறை போடக்கூடாது.

சிறுரயில்

மிகவும் பயனுள்ள விவரங்கள், ஐயா. லங்காஷயர்–யார்க்ஷயர் பெட்டிகள் மேம்பாலத்தின் மேல் ஓடும் படமும் பார்த்தேன். அவர்களுடைய சவுத்போர்ட் பாதைப் பெட்டிகளையே மாதிரியில் ஓட்டலாமா?

மோட்டார்மேன்

கூடாது. அவர்களுடைய வழக்கமான மின்பெட்டிகள் இந்தக் கட்டமைப்புக்கு மிகவும் கனம். டிங்கிள்–சவுத்போர்ட் நேரடி சேவைக்கென்றே எடை குறைந்த பெட்டிகளைத் தனியாகக் கட்டினார்கள். அவை ஓடியது 1906 முதல் 1914 வரை மட்டுமே. அந்தக் காலத்து மாதிரி என்றால் அவை பொருந்தும், மின்தண்டவாளம் வெளியே, சிக்னல் இன்னும் கைகாட்டி. இந்த மூன்றும் சேர்ந்து வருவது அந்த எட்டு ஆண்டில்தான். எதிர்த்திசையில், எயின்ட்ரீ குதிரைப் பந்தய நாட்களில் மேம்பால ரயில்கள் அந்தப் பாதைக்குள் போய்வந்தன.

சிக்னல் கம்பம்

சிக்னலைப் பற்றி இரண்டு வரி. 1893-லேயே இங்கே சிக்னல்கள் தானியங்கி. ஒவ்வொரு நிலையத்திலும் சிக்னல்மேன் உட்கார்ந்து நெம்புகோல் இழுக்கவில்லை. டிம்மிஸ் முறைப்படி, கடந்துபோகும் ரயிலே மின்தொடர்பை இயக்கிக் கைகாட்டியை மாற்றியது. மின்ரயில் பாதையில் தானியங்கி சிக்னல் உலகில் முதலில் வந்தது இங்கேதான். 1921-ல் வந்த வண்ண விளக்குகளும் பிரிட்டனில் முதலாவது. எனவே வழியிலுள்ள நிலையத்தைச் செய்கிறவர் சிக்னல் அறையை வைக்க அவசரப்படாதீர்கள். கிளைப்பாதையும் முள்ளும் (ரயிலைத் தடம் மாற்றும் நகரும் தண்டவாளம்) உள்ள இடத்துக்கு மட்டும் அது தேவை.

சீஃபோர்த் ஸாண்ட்ஸ் நிலையத்தைச் செய்வதென்றால் 1901-ல் அங்கே நகரும் படிக்கட்டு ஒன்று வந்தது. பெண்களின் நீண்ட உடைகள் அதில் சிக்கிக் கிழிந்து நஷ்டஈட்டு வழக்குகள் குவிந்ததால் சில ஆண்டுகளிலேயே எடுத்துவிட்டார்கள்.

துறைமுக வாசல்

எஞ்சியவற்றுக்கு வருகிறேன். ஒரே விதியை நினைவில் வைத்தால் தேடுவது எளிது: விற்றால் காசாகும் இரும்பு எல்லாம் போயிற்று, கல்லும் மண்ணும் தங்கின. 1957 செப்டம்பரில் இடிக்கத் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குள் தூண், கர்டர், தளம் அத்தனையும் பழைய இரும்பாகப் போய்விட்டது.

தப்பியதில் முதலாவது, டிங்கிள் நிலையமும் சுரங்கமும். பாதை முழுவதிலும் நிலத்தடி நிலையம் இது ஒன்றுதான். சுமார் அரை மைல் சுரங்கம். மூடிய பிறகு நிலையப் பகுதி வாகனப் பழுதுபார்க்கும் இடமாகப் பயன்பட்டது. 2012 ஜூலையில் சுரங்கக் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்து, மேலே இருந்த வீடுகளைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே உள்ளே போகும் எண்ணமே வேண்டாம். வெளியிலிருந்து பாருங்கள்.

இரண்டாவது, சுரங்கத்தின் வாய். ஹெர்குலேனியம் டாக் இருந்த இடத்தில் செங்குத்தான பாறைச்சுவரில், உயரத்தில் அந்தரத்தில் தொங்குவதுபோல் நிற்கிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு ரயில் அங்கே எப்படி ஏறியது என்று புரியாது. மேம்பாலத்திலிருந்து வந்த இரும்புப் பாலம் கீழே இருந்த வேறொரு ரயில்வேயின் தடங்களைத் தாண்டி நேராக அந்த வாய்க்குள் போனது. பாலம் போய்விட்டது, வாய் மட்டும் இருக்கிறது. தரைமட்டத்தில் தேடினால் கிடைக்காது, நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். வாப்பிங் பக்கம் துறைமுகச் சுவரில் சில இடங்களில் தூண்களின் துண்டுகள் சுவருக்குள்ளேயே நிற்கின்றன. சுவரை ஒட்டி ஓடிய இடங்களில் தூணைச் சுவரில் பதித்துக் கட்டியிருந்தார்கள். அதைப் பிடுங்கினால் சுவர் உடையும் என்பதால் விட்டுவிட்டார்கள். கருங்கல் சுவரின் முகத்தில் செங்குத்தாக ஒரு இரும்புப் பட்டை, மேலே வெட்டுப்பட்டு மொட்டையாக முடியும். வடிகால் குழாய் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். அடையாளம்: குழாய் உருண்டையாக இருக்கும், இது தட்டையானது, ரிவெட் தலைகள் தெரியும். ஒன்று கிடைத்துவிட்டால் அங்கிருந்து 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர் அளந்து அடுத்ததைத் தேடுங்கள். அங்கே தூண் இல்லாவிட்டாலும் கல்லில் ஒட்டுப்போட்ட தடம் இருக்கலாம்.

போவதற்கு முன் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய ஆர்டனன்ஸ் சர்வே (பிரிட்டனின் நில அளவைத் துறை) வரைபடங்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மேல்படத்தின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்க முடியும். நிலையங்கள் எங்கே இருந்தன என்பது சில அடித் துல்லியத்தில் தெரியும்.

மூன்றாம் தண்டவாளம்

நம் சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதை இதற்கு நேர்மாறு. 1931-ல் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் மீட்டர்கேஜில் தொடங்கி, 25 கிலோவோல்ட்டுக்கு மாறி, பிறகு அகலப்பாதை ஆனது. அங்கே வழித்தடம் உயிரோடு இருக்கிறது, அசல் வண்டிகள்தான் அரிது. லிவர்பூலில் வழித்தடமே இல்லை, பெட்டிகள் தப்பின.

மோட்டார்மேன்

தப்பிய பெட்டிகள் இரண்டு.

எண் 3, மோட்டார் பெட்டி, 1892-ல் கட்டியது. 2011-ல் திறந்த லிவர்பூல் அருங்காட்சியகத்தில், அசல் பாதையின் உயரமான 16 அடி மட்டத்திலேயே தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கீழேயிருந்து அடிச்சட்டத்தையும் போகியையும் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு வேறெந்த ரயில் அருங்காட்சியகத்திலும் எளிதல்ல. மாதிரி செய்பவர்கள் இங்கே போனால் முகப்பைப் படமெடுப்பதோடு நிற்காமல் அடிப்பாகத்தை எடுங்கள், முகப்புப் படம் ஆயிரம் கிடைக்கும்.

எண் 7, டிரெய்லர், நவீனமாக்கிய உடம்போடு. காவன்ட்ரிக்கு அருகில் இருந்த மின்ரயில் அருங்காட்சியகத்தில் நெடுநாள் இருந்தது. அந்த அருங்காட்சியகம் 2017-ல் மூடப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மாற்றம் புரியும். பழையதில் கையால் திறக்கும் கதவு, நவீனமானதில் காற்றழுத்தத்தால் நகரும் கதவு. தகடு போர்த்தியிருந்தாலும் எலும்பு 19-ஆம் நூற்றாண்டு அடிச்சட்டம்தான்.

எண் 7 போன்ற பெட்டிகளைப் பராமரிப்பது எண் 3-ஐவிடக் கடினம் என்பது என் கருத்து. மரப்பட்டையில் ஈரம் புகுந்தால் வெளியிலேயே தெரியும், காய்ந்தும் போகும். தகட்டுக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டம் வெளியே ஒன்றும் காட்டாமல் உளுத்துப்போகும். பார்க்க வேண்டிய இடங்கள் ஜன்னல் கீழ்ச்சட்டத்தின் மூலைகள், கதவு நகரும் பள்ளத்தின் அடி, கூரையும் பக்கமும் சேரும் தையல். ஊசியால் குத்திப் பாருங்கள். ஈரமானி 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பூஞ்சைக்கு இடம் இருக்கிறது என்று பொருள். முதலில் கூரை ஒழுக்கை அடைத்து, நிழலில் காற்றோட்டமாகப் பல மாதம் உலரவிட்ட பிறகே மரம் மாற்றும் வேலை. ஈரத்தின் மேல் பெயின்ட் அடிப்பது உளுப்பை உள்ளே பூட்டிவைப்பது. அலுமினியம் இரும்பைத் தொடும் இடங்களில் இரண்டுக்கும் நடுவே ஈரம் இருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அங்கே இடைப்பொருள் வைத்துப் பிரிக்க வேண்டும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள், உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. மின்சாதனப் பெட்டிக்குள் பொறி தடுக்கும் பலகைகளில் கல்நார் இருக்க வாய்ப்பு அதிகம். மாதிரியெடுத்துச் சோதிக்கும் வரை திறக்காதீர்கள்.

ஓம் விதி

மின்பகுதிக்கு ஒரு சேர்க்கை. காட்சிப் பெட்டியாக இருந்தாலும் சிலர் மோட்டாரின் காப்பைச் சோதிக்க ஆசைப்படுவார்கள். பழைய நடைமுறைப்படி, கிலோவோல்ட்டில் மின்னழுத்தத்தோடு ஒன்றைக் கூட்டினால் வருவது குறைந்தபட்ச மெகா ஓம். 500 வோல்ட் மோட்டாருக்கு 1.5. அறுபது ஆண்டு சும்மா நின்ற மோட்டார் ஈரத்தால் மட்டுமே அதற்குக் கீழே காட்டும், உடனே காப்பு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மெதுவாகச் சூடாக்கி உலர்த்தி மறுபடி அளக்க வேண்டும். ஆனால் பழைய ரப்பர் உறைக் கம்பிகளைத் தொடவே கூடாது. வளைத்தால் பொடியாகும். அப்படியே விட்டுவிட்டு, விளக்குக்குப் புதிய தாழ்மின்னழுத்தக் கம்பியைத் தனியாக இழுங்கள்.

சிறுரயில்

அப்படியானால் 1930-களைத் தேர்ந்தெடுக்கிறேன். பிராம்லி-மூர் டாக் பள்ளத்தையும் செய்யலாமா? நிலக்கரிப் பாதைக்கு அடியில் ரயில் இறங்கி ஏறும் இடம் அழகாக இருக்கிறது.

கர்டர்

இடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1-க்கு 40 சாய்வு என்று வைத்தால் 16 அடி முழுதும் இறங்க 640 அடி வேண்டும். உங்கள் அளவில் 2.56 மீட்டர். ஏறவும் அதே அளவு. இரண்டும் சேர்ந்து ஐந்து மீட்டரைத் தாண்டும். சாய்வைக் கூட்டினால் மூன்று பெட்டி மாதிரி வழுக்கும். அதற்குப் பதில் சமமட்டத்தில் ஆறு ஸ்பான், ஒரு பக்கம் கருங்கல் சுவர். சுவரில் இரண்டு தூண்களைப் பதித்துக் காட்டினால் அது வாப்பிங் பக்கம் என்பது தெரிந்தவர்களுக்குப் புரியும்.

1930-கள் என்றால் மின்தண்டவாளம் வெளியே, வண்ண விளக்கு, எல்லாம் மரப்பெட்டி, மோட்டார்–டிரெய்லர்–மோட்டார். தளத்துக்கு வளைதகட்டை 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தாளில் குழாய் மேல் வைத்து வெந்நீரில் வளைத்துவிடலாம். எல்லா வளைவும் ஒரே அளவில் வர வேண்டுமானால் தாளை முதலில் பட்டைகளாக வெட்டிவிட்டு வளையுங்கள், வளைத்த பிறகு வெட்டினால் ஓரம் விரிந்துகொள்ளும்.

துறைமுக வாசல்

சுவருக்கும் படத்துக்கும்: சினிமாவின் முன்னோடியான லூமியர் நிறுவனத்தின் படப்பிடிப்பாளர் 1897-ல் ஓடும் ரயிலிலிருந்தே துறைமுகத்தைப் படமெடுத்தார். மேம்பாலத்திலிருந்து சுவரும் கொட்டகைகளும் பாய்மரங்களும் எந்த உயரத்தில் தெரிந்தன என்பதை அதில் அப்படியே அளக்கலாம். பின்னணி ஓவியத்தில் தொடுவானத்தைத் தண்டவாள மட்டத்துக்கு மேல் பயணியின் கண் உயரத்தில், சுமார் 25 மி.மீ. கூட்டி வையுங்கள். தரையில் நிற்பவரின் மட்டத்தில் வைத்தால் எல்லாம் தவறாகத் தெரியும்.